பசுங்கூரை

பசுங்கூரை (பெயர்ச்சொல்): கட்டடத்தின் மேல்தளத்தில் நீர்க்காப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி, மண்கலவை என ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுச் செடி வளர்க்கும் கூரை. ‘கிரீன் ரூஃப்’ என்பதற்கு நேரான சொல். இந்த முறையின் இன்றைய வடிவம் 1970களில் ஜெர்மனியில் உருவானது.

‘பச்சைக் கூரை’ என்றால் நம் பக்கத்தில் பச்சை நிறத் தகர ஷீட்டுதான் நினைவுக்கு வரும். ‘பசுமைக் கூரை’ பரவலாக வழங்குகிறது. ஆனால் சூரியத் தகடு பதித்த தளம், வெள்ளையடித்த தளம் எல்லாமே அந்தப் பெயரில் அடங்கிவிடுகின்றன. பசுமை + கூரை, ஈறு கெட்டு இனவெழுத்து மிகுந்தால் பசுங்கூரை. பசுங்கிளி, பசுங்கன்று போல உயிருள்ள பசுமையைச் சொல்வதால் இதுவே பொருந்தும்.

ஒரு நெருடல் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் ‘கூரை வீடு’ என்றால் ஓலை வேய்ந்த வீடு. தட்டையான மேல்தளம் ‘தட்டட்டி’. ‘டெரஸ்’ திரிந்து ‘தார்சு’ என்றும் ஆனது. அந்த டெரஸுக்கு மூலம் மண்ணைக் குறிக்கும் ‘டெர்ரா’ என்ற லத்தீன் சொல். மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடை என்பதே பிரெஞ்சில் அதன் பழைய பொருள்.

இத்தனை சொல் ஆராய்ச்சி எதற்கு என்றால், எஸ்டிமேட்டில் எழுதும் பெயர்தான் பாரத்தைத் தீர்மானிக்கிறது. தொட்டியும் பையும் வைப்பது மாடித்தோட்டம். வெள்ளையடிப்பது குளிர்கூரை, அதில் பாரமே இல்லை. பசுங்கூரையில் 8 முதல் 15 செ.மீ. கலவை நனைந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 முதல் 150 கிலோ. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் 10 செ.மீ.க்கே 160 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தரம் (ஐ.எஸ். 875) வைத்திருக்கும் நடமாட்டப் பாரமே 150 கிலோதான், ஆள் ஏறாத கூரைக்கு 75. கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட மேலே ஏறக்கூடாது.

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, கொக்கிரகுளம் பக்கத்துப் பழைய அலுவலகம், பள்ளி போன்றவற்றில் மேல்தளம் மெட்ராஸ் டெரஸாக இருந்தால் பசுங்கூரை வேண்டவே வேண்டாம். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து அடித்த தளம் அது. ஈரம் உள்ளே போனால் முதலில் உளுப்பது சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனை. கீழிருந்து பார்த்தால் தெரியாது. மேலே தார் ஷீட் ஒட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் கெடும். அங்கே சுண்ணாம்பிலேயே விரிசலை அடைத்து வெள்ளையடிப்பதுதான் முறை. பின்னாளில் சேர்த்த கான்கிரீட் கட்டடம் பக்கத்தில் இருந்தால், பாரம் ஒத்துவந்தால், பசுங்கூரையை அதன்மேல் போடலாம்.

போடுமுன் பழைய தள ஓடுகளைப் பெயர்த்து, 100க்கு 1 சரிவாவது கொடுத்து, நீர்க்காப்பு இட்டபின் 2.5 செ.மீ. தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிப் பார்க்க வேண்டும். கசிவை மண் போட்டபின் தேடினால் அத்தனையையும் வாரி இறக்க வேண்டியிருக்கும். கரிசல் ஆகாது, நனைந்தால் உப்பி வடிதுணியை அடைக்கும். தேரிச் செம்மணலில் ஈரம் தங்காது. முக்கால் பங்கு நொறுக்கிய செங்கல், மிச்சத்துக்கு மட்கு உரமும் தென்னை நார்க்கழிவும் போதும். குளிர்நாட்டுப் பசுங்கூரைகளில் வளர்க்கும் ‘சீடம்’ என்ற சதைப்பற்றுச் செடி நம் கோடைக்கும் ஆடிக்காற்றுக்கும் நிற்பது கடினம். பத்துமணிப்பூ, கோழிப்பசலை, சோற்றுக்கற்றாழை நிற்கும். அருகம்புல்லின் வேர்த்தண்டு நீர்க்காப்பையே துளைக்கும்; அதைத் தவிர்க்க வேண்டும். காக்கை எச்சத்தில் முளைக்கும் ஆலையும் அரசையும் விரலளவு இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும்.

வடிகால் வாயைச் சுற்றியும் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் 30 செ.மீ. அகலத்துக்குச் செடியில்லாமல் கூழாங்கல் மட்டும் இருக்கட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தேங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் சதுர மீட்டருக்கு 10 கிலோ. வாய் அடைபட்டு 15 செ.மீ. நின்றாலே மண்கலவை அளவு பாரம் இன்னொரு மடங்கு ஏறிவிடும். அதனால் பழைய குழாயோடு, சுவரில் சற்று உயரத்தில் வழிந்தோடும் துளை ஒன்றும் கட்டாயம். ஐப்பசி பிறக்குமுன் இரண்டையும் துப்புரவாக்கிவிட வேண்டும்.