கிரீட்டுக்கு எத்தனை நாள் போதும்?

கோவையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், நான்காக மடித்த தாள் ஒன்றை என் மேசைமேல் விரித்து வைத்தார். மனைவி, மகன், மருமகள், பேத்தியோடு ஐந்து பேர். ஊர் கிரேக்கத்தின் கிரீட் தீவு. நாளும் ஐந்துதான். தாளில் பதினான்கு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் மணி போட்டிருந்தார். இரண்டாம் நாள் காலை பாலோஸ் கடற்கரை, மதியம் எலஃபோனிசி கடற்கரை. மூன்றாம் நாள் சமாரியா பள்ளத்தாக்கு, மாலையில் க்னோசோஸ் அரண்மனை. நான்காம் நாள் கிழக்குக் கோடிக்குப் போவது. ஐந்தாம் நாள் கப்பலேறி சான்டோரினி தீவைப் பார்த்துவிட்டு இரவே திரும்புவது.

"தீவுதானுங்களே தம்பி. ஒரு காரை எடுத்தா ரெண்டு நாள்ல சுத்தி வந்துரலாமுங்கள்ல?"

வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். கிரேக்கம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் கேட்கிறார்கள். தீவு என்றதும் ராமேசுவரம் அளவுக்கு ஒன்று மனதில் வந்துவிடுகிறது. கிரீட் கிழக்கு மேற்காக 260 கி.மீ. நீளம். பரப்பு 8,300 சதுர கி.மீ.க்கு மேல். இன்றைய கோவை மாவட்டத்தைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. நடுவில் முழுக்க மலை. சிலோரிடிஸ் சிகரம் 2,456 மீட்டர்; தொட்டபெட்டாவைவிட இருநூறு மீட்டர்கூடக் குறைவில்லை. அதனால் வடகரையிலிருந்து தென்கரைக்குப் போகும் சாலைகளில் பெரும்பாலானவை நம் ஊட்டி மலைப்பாதை மாதிரிதான் வளைந்து வளைந்து போகும்.

பெரியவரின் தாளை வாங்கி, கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கை மட்டும் ஓரத்தில் எழுதினேன். மேற்கே உள்ள ஹன்யா நகரத்திலிருந்து (வரைபடங்களில் சானியா என்றும் பார்ப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான்) தலைநகர் ஹெராக்லியோன் 140 கி.மீ., இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஹன்யாவிலிருந்து எலஃபோனிசி வெறும் 75 கி.மீ., ஆனால் போக மட்டும் ஒன்றரை மணி நேரம். வழியில் தொபோலியா என்ற இடத்தில் ஒரு வண்டி மட்டும் நுழைகிற குகைப்பாதை, அதற்கு ஒரு சிக்னல். கோடையில் அங்கே வரிசை நிற்கும். கிழக்குக் கோடியின் பனைக் கடற்கரைக்கு வாயி என்று பெயர் (நம் வாய் இல்லை, பேரீச்சை இன மரத்தின் ஓலையைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்). ஹன்யாவிலிருந்து அது சுமார் 300 கி.மீ., ஒரு வழிக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டிப் பார்த்தால் அவர் போட்டிருந்த ஐந்து நாளில் பாதி நேரம் காருக்குள்ளேயே போய்விடும்.

என் கணக்கு இது. ஏழு இரவு கிடைத்தால் மேற்கே ஹன்யாவில் நான்கு, ஹெராக்லியோனில் மூன்று. ஐந்து இரவுதான் என்றால் ஒரே பாதியைத் தேர்ந்தெடுங்கள். கடற்கரைதான் முக்கியம் என்றால் மேற்கு, பழைய வரலாறு என்றால் நடுப்பகுதி. முடிந்தால் ஒரு விமான நிலையத்தில் இறங்கி மற்றதில் ஏறுங்கள். ஹன்யா, ஹெராக்லியோன் இரண்டிலும் ஏதென்ஸ் விமானம் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடும்.

கார் எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள். வடகரை நெடுஞ்சாலையில் உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலை ஓரத்துக் கோட்டைத் தாண்டி வைத்து, பின்னால் வருபவருக்கு வழிவிட்டபடியே ஓட்டுவார்கள். நீங்கள் நடுவில் நிதானமாகப் போனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார்கள். பயந்து வேகம் கூட்ட வேண்டாம், இடம் பார்த்து ஒதுங்கினால் போய்விடுவார்கள். பெயர்ப்பலகையில் ஒரே ஊர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

அப்புறம் பாலோஸ். படங்களில் பார்க்கும் அந்தப் பச்சை நீல நீர்ப்பரப்புக்குக் கலிவியானி என்ற சிற்றூரைத் தாண்டி எட்டு கி.மீ. மண்சாலை. என் வாடிக்கையாளர் ஒருவர் முழு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் அதில் வண்டியை விட்டார். டயர் கிழிந்தது, அடிப்பாகத்திலும் கல் அடித்தது. வாடகை நிறுவனத்தில் ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினார்கள். தார் போடாத சாலையில் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் காப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. முன்பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த ஒப்பந்தத்தை அவருக்கு நான் முன்னதாகப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். தப்பு என் பேரிலும்தான். இப்போது பாலோஸ் கேட்பவர்களை கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் அனுப்புகிறேன். கிராம்வூசா தீவின் வெனிஸ் காலத்துக் கோட்டையையும் பார்த்துவிடலாம். காரே வேண்டாம் என்பவர்களுக்குக் கேடெல் பேருந்துகள் இருக்கின்றன, நகரங்களுக்கு இடையே நன்றாகவே ஓடுகின்றன.

சமாரியா பள்ளத்தாக்கை 'பார்க்க' முடியாது, நடக்க வேண்டும். ஓமலோஸ் மேட்டில் 1,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் தொடங்கி, கடல்வரை 16 கி.மீ. இறக்கம். பொதுவாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், மழையோ கடும் வெயிலோ இருந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். கீழே அகியா ரூமெலி என்ற சிற்றூர். அதற்குச் சாலையே கிடையாது. படகு பிடித்து சூகியா அல்லது ஹோரா ஸ்ஃபகியோன் போய், அங்கிருந்து பேருந்தில் ஹன்யா திரும்ப வேண்டும். மாலைப் படகை விட்டால் இரவு அங்கேதான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஊர் சேர இரவு எட்டாகும். முட்டிவலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் எமன். வழியில் கால் பிசகியவர்களைக் கழுதைமேல் ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள்.

"நாங்க பாக்காத வெயிலா?" என்பார்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. சென்னையில் வியர்வை வழிகிறது, அதனால் தண்ணீர் குடிக்கிறோம். அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும், உடம்பு வற்றுவது தெரியாது. 2024 ஜூனில் வெப்ப அலை அடித்தபோது கிரேக்கத் தீவுகளில் நடைபயணம் போன வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பலர் இறந்தார்கள். நன்றாக நடந்து பழகியவர்கள்கூட அதில் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து வரை உள்ளூர்க்காரர்களே வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு 112.

மே கடைசி, ஜூன், செப்டம்பர் ஆகியவையே நான் பரிந்துரைக்கும் மாதங்கள். மேயில் கடல் இன்னும் சில்லென்று இருக்கும். செப்டம்பரில் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும். ஆகஸ்ட் 15, மாதா திருநாள். அந்த வாரத்தில் கிரேக்கர்களே ஊர் திரும்புவதால் கப்பலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது சிரமம்.

கோடையைத் தவிர்க்கச் சொல்ல இன்னொரு காரணம் காற்று. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல்மேல் வடக்கிலிருந்து மெல்டெமி என்றொரு காற்று அடிக்கும். வானம் துல்லியமாக நீலமாக இருக்கும், ஆனால் கப்பல் ஓடாது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் தடை போட்டுவிடுவார்கள். ஹெராக்லியோனிலிருந்து இரண்டு மணி நேரத்தில் சான்டோரினி போகும் அதிவேகப் படகுகளைத்தான் அது முதலில் பாதிக்கும். டிக்கெட் பணம் திரும்ப வரும். சான்டோரினியில் கட்டிய விடுதிப் பணம் வராது. ஒரே நாளில் போய்த் திரும்புகிற திட்டத்தை நான் இப்போதெல்லாம் எழுதிக் கொடுப்பதே இல்லை. அந்தக் காற்று அடிக்கும் நாளில் வடகரைக் கடற்கரைகளிலும் அலை முரட்டுத்தனமாக இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் குழந்தைகளைக் கணுக்கால் அளவுக்குக்கூட இறக்க வேண்டாம்.

எலஃபோனிசி குழந்தைகளுக்கு ஏற்றது, முழங்கால் ஆழத்திலேயே நெடுந்தூரம் நடக்கலாம். மணலின் இளஞ்சிவப்பு நிறம் நுண்ணிய சிப்பிகளின் பொடி. பாட்டிலில் அள்ளி வராதீர்கள், தடை இருக்கிறது. கடற்கரை எங்கும் பொதுச்சொத்துதான். 2024இல் வந்த சட்டப்படி வாடகை சாய்வு நாற்காலிகள் தண்ணீர் விளிம்பிலிருந்து நான்கு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், கடற்கரையில் பாதிக்கு மேல் அடைக்கவும் கூடாது. அதனால் துண்டை விரித்து உட்கார்ந்தால் யாரும் எழுப்ப முடியாது.

க்னோசோஸுக்குக் காலை எட்டு மணிக்குப் போய்விடுங்கள், நிழல் குறைவு. 1900இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கிய இடம். சிவப்புத் தூண்களில் பெரும்பகுதி அவர் கான்கிரீட்டில் எழுப்பியவை. 'இதுதான் மூவாயிரத்தைந்நூறு வருடத் தூண்' என்று வழிகாட்டி சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நிஜமான சுவரோவியங்கள் ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காளையின் முதுகில் ஒருவன் தாவும் சுவரோவியத்தின் முன் நம்மவர்கள் கட்டாயம் நின்றுவிடுவார்கள். ஏறு தழுவுதலைப் பார்த்த கண்ணுக்கு அது விட்டுப்போன சொந்தம் மாதிரி இருக்கும், தொடர்பு ஒன்றும் இல்லாவிட்டாலும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவம் என்றால் பட்டினி என்று நினைத்து ஊறுகாய் கட்டிக்கொண்டு போகிறார்கள். கிரேக்கத் திருச்சபையில் ஆண்டில் பாதி நாள் விரத நாள். அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அங்கே செழித்திருக்கிறது. நிஸ்தீசிமா என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். ஒரே எச்சரிக்கை: அவர்களுடைய விரதக் கணக்கில் இறாலுக்கும் கணவாய்க்கும் நத்தைக்கும் அனுமதி உண்டு. ஃபாவா என்பது வேகவைத்து மசித்த பட்டாணிப் பருப்பு, மேலே ஆலிவ் எண்ணெய், வெங்காயம். பெரியவரின் மனைவி அதைத் தொட்டு நக்கிவிட்டு "நம்ம பருப்புக் கடைசல்" என்றாராம். தாகோஸ் இருக்கிறது: கெட்டியான பார்லி ரஸ்க்மேல் துருவிய தக்காளியும் மிஸித்ரா பாலாடைக்கட்டியும். ஹன்யாவில் உருளைக்கிழங்கும் சுரைக்காய் இனக் காயும் அடுக்கிச் சுடும் பூரேக்கியை விடாதீர்கள். சைவர்கள் ஏமாறும் இடம் காமோபிலாஃபோ. கல்யாண வீட்டுச் சோறு, வெள்ளை வெளேரென்று வெண்பொங்கல்போலக் குழைந்து வரும், ஒரு துண்டு இறைச்சி கண்ணில் படாது. ஆனால் அரிசி வெந்ததே ஆட்டிறைச்சி, கோழிச் சாற்றில்.

மீன் சாப்பிடுபவர்கள் பட்டியலில் உள்ள விலை கிலோவுக்கு என்பதைக் கவனியுங்கள். சமைக்கும் முன்னால் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், அது வழக்கம்தான். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறையவைத்தது. கேட்காமல் வரும் ரொட்டிக்குச் சிறு தொகை போடுவார்கள். ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது அந்நாட்டுச் சட்டம், கடைகளிலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

விடுதியில் இறங்கும்போது இன்னொரு செலவு. இணையத்தில் கட்டிய தொகைக்கு வெளியே, காலநிலைக் கட்டணம் என்று அறைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என வாங்குவார்கள். 2025 கோடையில் நான்கு நட்சத்திர விடுதிக்கு இரவுக்கு 10 யூரோ. ஏழு இரவு, இரண்டு அறை என்றால் 140 யூரோ, கையில் வைத்திருங்கள். கழிவறையில் காகிதத்தைப் பீங்கானுக்குள் போடக் கூடாது, பக்கத்துத் தொட்டியில்தான். குழாய்கள் குறுகலானவை. நம்மவர்களுக்கு ஒரு சின்ன மக் பெட்டியில் போகட்டும், சொல்லிவிட்டேன்.

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது, கிரேக்கமும் அதில் அடக்கம்) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத அறை எதையும் எடுக்காதீர்கள். எத்தனை ரூபாய் மிச்சம் என்று காட்டினாலும் சரி. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள், தீவில் வேண்டாம். காரணம் மேலே சொன்ன காற்றுதான்.

பெரியவர் குடும்பம் செப்டம்பரில் எட்டு இரவு போனது. நாலாம் நாள் இரவு எனக்கு அழைப்பு. இங்கே மணி பன்னிரண்டரை.

"தம்பி, சாப்பிட்டு முடிச்சமுங்க. நாங்க கேக்கவே இல்லை, தர்பூசணி ஒரு தட்டும், சின்னச் சீசாவுல தண்ணியாட்டம் என்னமோவும் கொண்டாந்து வெச்சுட்டாங்க. பில்லுல ஏத்திருவாங்களோ?"

"இல்லைங்கய்யா, அது அவங்க உபசாரம். தர்பூசணியைச் சாப்பிடுங்க. சீசாவுல இருக்கறது ராக்கி, திராட்சைச் சக்கையில வடிக்கிற சாராயம். வேண்டாம்னா அப்படியே வெச்சுடுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மகனிடம் என்னவோ கேட்டார், யாரோ சிரித்தார்கள்.

"சரிங்க. நாளைக்கு ஸ்பினலோங்கா தீவு போட்டிருந்தீங்க, அதை அடிச்சுட்டனுங்க. பேத்தி மறுபடி அந்த மணலுக்கே போகணுங்கறா."