டார்க் என்பது இழுவை சக்தியா?

பத்துமலைப் பக்கம் எம்.ஆர்.ஆர்.2 சாலையில் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் வானொலியில் ஒரு லோரி விளம்பரம் வருகிறது. "500 குதிரை சக்தி! 2,500 இழுவை சக்தி!" முதல் தடவை சிரித்தேன். போன வாரம் நான்காவது தடவையாகக் கேட்டபோது வானொலியை அணைத்துவிட்டேன். அப்படியும் மனம் ஆறவில்லை.

விளம்பரம் எழுதியவர் 'இழுவை சக்தி' என்று சொல்வது டார்க்கை. சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் 'டோர்க்குவேரே' என்றால் முறுக்குதல். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட்டியர் கழுத்தில் போட்ட முறுக்குக் கம்பி வளையத்துக்கு ரோமர் சொன்ன பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 1884இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் அந்தச் சொல்லை இயந்திரவியலுக்குக் கொண்டுவந்தார். விசையை, அச்சிலிருந்து அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது டார்க். அலகு நியூட்டன் மீட்டர். தமிழில் முறுக்குவிசை.

ஈப்போ சாலையை ஒட்டி எனக்குப் பழக்கமான ஒரு பட்டறை இருக்கிறது. (கவிதைப் பட்டறை இல்லை, கையில் கிரீஸ் ஒட்டுகிற பட்டறை.) அங்கே ஒருநாள் லோரிச் சக்கரத்தின் நட்டு ஒன்று அசைய மறுத்தது. வேலை பழகும் பையன் ஸ்பேனரை மாட்டி மூச்சைப் பிடித்துத் தொங்கினான், ஒன்றும் நடக்கவில்லை. பட்டறைக்கார அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பைப்பைச் சொருகி ஏறி நில்லு தம்பி" என்றார். ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன் நுனியில் பையன் ஏறி நின்றான். கிறீச்சென்று ஒரு சத்தம், நட்டு விட்டுக்கொடுத்தது. பையனின் எடை 60 கிலோ, நட்டிலிருந்து அவன் நின்ற தூரம் ஒரு மீட்டர் என்று வையுங்கள். ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர். பாதி நீளத்தில் நின்றிருந்தால் பாதிதான். பையன் அதே பையன்தான், கூடியது நீளம். அங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பையன் குழாய் நுனியில் நின்று, நட்டு இன்னும் அசையாத அந்த ஒரு நொடியில் முறுக்குவிசை முழுசாக இருக்கிறது. ஆனால் எதுவும் நகரவில்லை, அதனால் திறன், அதாவது ஒரு நொடியில் நடக்கும் வேலையின் அளவு, பூஜ்யம். பிறகு எப்படி அதைச் 'சக்தி' என்பது?

டீசல் எஞ்சினுக்குள் அந்தக் குழாயின் வேலையைச் செய்வது, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் கை. லோரி எஞ்சினில் பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குவதால் அந்தக் கையும் நீளம். காற்றை மட்டும் 16, 18 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைப்பது ருடால்ஃப் டீசல் 1890களில் கொண்டுவந்த முறை. போதாததற்கு டர்போ காற்றைத் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதல் டீசல் எரிக்கலாம், பிஸ்டன் மேல் விழும் அடியும் பலமாகும். கனமான பாகங்கள் என்பதால் வேகமாகச் சுற்றாது, சுற்றவும் வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றிலேயே 2,500 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். நம் மைவி 1.5 காரில் 137தான், அதுவும் 4,000 சுற்றைத் தாண்டித்தான். ஆயிரம் சிசி பந்தய ரக மோட்டார் சைக்கிளில் 200 குதிரைத்திறன் இருக்கும், முறுக்குவிசை 110 சொச்சம். அதை நாற்பது டன் பாரத்தோடு கட்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் விட்டுப் பாருங்கள்.

சரி, 'இழுவை' பக்கத்து நியாயம் என்ன? "டிரைவர்களே 'இந்த லோரி நல்லா இழுக்கும்' என்றுதானே சொல்கிறார்கள், மக்கள் சொல் அது" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். பேச்சில் இழுப்பு என்று சொல்லட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இழுப்பது சக்கரம் தரையைப் பற்றித் தள்ளுவதால் வரும் விளைவு. முறுக்குவிசை அதற்குக் காரணம். காரணத்துக்கு விளைவின் பெயரைச் சூட்டிவிட்டால் விளைவை என்ன சொல்லி அழைப்பது? போதாக்குறைக்கு 'இழுவிசை' என்று பாடநூலில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது கயிற்றில் ஏற்படுவது. கியர் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் கியரில் முறுக்குவிசை பத்து மடங்குக்கு மேல் பெருகும். திறன் ஒரு துளிகூடப் பெருகாது, உராய்வில் கொஞ்சம் குறையவும் செய்யும். இரண்டையும் 'சக்தி' என்று எழுதினால், கியர் பெட்டி சும்மாவே சக்தியை உற்பத்தி செய்கிறது என்றாகிவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல் 'திருப்புவிசை' என்கிறது. தப்பில்லை. ஆனால் "லோரியைத் திருப்பு" என்றால் இங்கே எல்லாரும் ஸ்டீயரிங்கைத்தான் பிடிப்பார்கள். டார்க் விசையே இல்லையே, எதற்கு 'விசை' என்று கேட்கும் தூய்மைவாதிகளுக்கும் ஒரு வார்த்தை: உண்மைதான், ஆனால் 'விசை'யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தீபாவளிப் பலகாரம். பலகாரத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் முறுக்கிச் சுற்றுவதால்தான். ரோமர் கழுத்து வளையத்துக்குச் செய்ததை நாம் அரிசி மாவுக்குச் செய்திருக்கிறோம்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் வேறு. மலாயில் டார்க்குக்கு 'டாயா கிலாஸ்' என்ற சொல் இருக்கிறது. டாயா விசை, கிலாஸ் முறுக்கு. பக்கத்து மொழிக்காரன் சரியாகச் சொல்லி வைத்திருக்கிறான், நம் மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்தும் இழுவைக்குத் தாவுகிறார். பொருள் தெரியாவிட்டால் பட்டறைக்குப் போய்க் கேட்கலாம், ஒரு தேத்தண்ணி செலவு. அகராதியை மட்டும் பார்த்து எழுதினாலும் பரவாயில்லை, இப்போது அதையும் பார்ப்பதில்லை, காதுக்கு ஏறினால் போதும் என்கிறார்கள்.

பொறுக்காமல் விளம்பரதாரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையாக நன்றி சொல்லிப் பதில் வந்தது. நேற்றுக் காலை அதே சாலையில், அதே நெரிசலில், திருத்திய விளம்பரத்தைக் கேட்டேன்: "2,500 இழுவைத் திறன்!"