உரம் போட்டும் பயிர் தேறவில்லையா? முதலில் தோண்டிப் பாருங்கள்

விளைச்சல் குறைந்ததும் சிறு விவசாயிகள் பலர் சந்தேகப்படுவது விதையை, அடுத்து உரத்தை. என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மண்வெட்டியைத்தான். பயிர் வாடிய இடத்தில் ஒரு குழி, செழிப்பான இடத்தில் ஒரு குழி, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினால் பல நேரம் காரணம் கண்ணில் படும்.

பயிர் வாடிய இடத்துக் குழியில், மேலே 15 செ.மீ. வரை மண் பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே மண்வெட்டி இறங்காது. ஆண்டுக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுததாலும், ஈர மண்ணில் டிராக்டரை இறக்கியதாலும் இறுகிப்போன அடுக்கு அது. செடியைப் பிடுங்கினால் ஆணிவேர் நேராக இறங்காமல் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். நாலு நாள் வெயில் அடித்தால் பயிர் துவளும். அடியில் ஈரம் இருந்தாலும் வேருக்கு எட்டாது. இந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் செலவுதான் கூடும்.

சரி, என்ன செய்யலாம்? இறுகிய அடுக்கு எவ்வளவு ஆழத்தில் முடிகிறது என்று அளந்து, அதற்குச் சற்றுக் கீழே போகும்படி உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் கலப்பை) ஓட்டலாம். மண் காய்ந்திருக்கும்போதுதான் ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கோடு விழுமே தவிர, அடுக்கு நொறுங்காது. தண்ணீர் கட்டி நெல் நடும் வயலில் மட்டும் இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அங்கே தண்ணீரைத் தாங்கி நிறுத்துவதே அந்த அடுக்குதான்.

உடைத்த மண், பழைய பழக்கம் தொடர்ந்தால் மறுபடி இறுகும். அதனால் அறுவடைத் தாளைக் கொளுத்தாதீர்கள். எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து பெரும்பகுதி புகையோடு போய்விடும், மண்ணை இறுகாமல் வைக்கும் மக்கிய பொருளும் கிடைக்காது. தாள் மாட்டுக்கு வேண்டும் என்பார்கள், நியாயம்தான். கொஞ்சம் உயரமாக அறுத்து அடிக்கட்டையை வயலில் விடுங்கள், சாணத்தையும் மக்க வைத்து அதே வயலுக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம், உழவுக்கு முன் உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் உழலாம். கயிறு மாதிரி திரண்டால், வாடகை டிராக்டர் வாசலில் நின்றாலும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.