ஜியோலைட்டில் கார்பன் டை ஆக்சைடு: ஐப்பசியில் எடுத்த நிறமாலையை இருமுறை பாருங்கள்

நெல்லைச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஆய்வு மாணவர்கள், ஜியோலைட் எனும் நுண்துளைப் பொருளில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி எடுத்துவரும் அகச்சிவப்பு நிறமாலைகளில் (எந்தெந்த அகச்சிவப்பு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் வரைபடங்களில்), 1640 செ.மீ⁻¹ (இது அலையெண்ணின் அலகு; கீழே வரும் பட்டை எண்களும் இதே அலகில்தான்) அருகே தெரியும் உறிஞ்சல் பட்டையைக் காட்டி, "ஜியோலைட்டில் பைகார்பனேட் உருவாகிவிட்டது", அதாவது வாயு வேதிவினையால் மாறிவிட்டது என்று எழுதியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எடுத்த நிறமாலை என்றால், அது பெரும்பாலும் தண்ணீரின் பட்டையாகவே இருக்கும். 3000 முதல் 3600 வரை அகன்ற மேடு ஒன்றும் உடன் இருந்தால் ஐயமே வேண்டாம்.

13எக்ஸ் எனப்படும் சோடியம் வகை ஜியோலைட்டின் நுண்ணிய கூடுகளில் உள்ள சோடியம் அயனியை நோக்கித் தன் ஆக்சிஜன் முனையைத் திருப்பியே கார்பன் டை ஆக்சைடு அங்கே தங்குகிறது. நிரந்தர இருமுனைத் திருப்புத்திறன் கொண்ட நீர் மூலக்கூறோ அதே இடத்தை முந்திக்கொண்டு இறுகப் பற்றிவிடுகிறது. ஆகவே ஜியோலைட் பொடியை அழுத்திச் செய்த வில்லையை வெற்றிடத்தில் 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கி, 1640 பட்டை மறைந்ததைக் கண்ணால் பார்த்த பின்னரே வாயுவைச் செலுத்த வேண்டும்.

அடுத்தது காற்று. ஆய்வகக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே 2349 அருகே பட்டை காட்டும். ஆனால் தடையின்றிச் சுழலும் வாயு மூலக்கூறு 2340, 2360 என இரண்டு திமில்களாகத் தெரியும். சோடியம் அயனியோடு கட்டுண்டது, சுழற்சியை இழந்து, 2355-ஐ ஒட்டி ஒற்றைக் கூர்முனையாக நிற்கும். ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டு முனை தட்டையாகிவிட்டால் அதன் உயரத்தை அளப்பதில் பயனில்லை. இயற்கைக் கார்பனில் சுமார் 1.1 சதவீதமே உள்ள கார்பன்-13 தரும் சிறு பட்டையை, ஏறத்தாழ 65 அலகு கீழே தேடி அளக்கலாம். இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

உண்மையான கார்பனேட்டா என்று அறிய, அறை வெப்பநிலையிலேயே வாயுவை வெளியேற்றிப் பாருங்கள். 2355 பட்டை பெரும்பாலும் கரைந்துவிடும். 1300–1700 பகுதியில் பிடிவாதமாக எஞ்சும் பட்டைகளே வேதிப்பிணைப்புக்குச் சான்று. ஒளி புகுந்து வெளிவரும் பொட்டாசியம் புரோமைடு சாளரம் இந்த மழையில் மங்கிவிடும் என்பதால், இப்பணிக்குக் கால்சியம் புளூரைடே போதுமானது.

தூத்துக்குடி அனல்மின் நிலையப் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க இந்த ஜியோலைட் ஏற்றது என்று முடிவுரையில் எழுதுவோர், அப்புகையில் நீராவியும் உண்டு என்பதை நினைவில் கொண்டு, ஈரமான வாயுவைச் செலுத்தி எடுத்த நிறமாலையையும் உலர்ந்ததன் அருகிலேயே வைத்துக் காட்ட வேண்டும்.