இமைக்குள் ஒளியும் கிருமி

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் எதிர்வீட்டு ஹரியானாப் பாட்டி, வெயில் ஏறியதும் கைக்கண்ணாடியோடு பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். சின்ன இடுக்கியால் மேலிமை முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மா பதறிவிட்டாள்: "என்னடா, இமை முடியையே பிடுங்கறாங்க?" அவை உள்பக்கம் திரும்பி வளர்ந்த முடிகள். விட்டுவைத்தால் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியை உரசும். பாட்டி 'ரோஹே' என்பார், மருத்துவர்களுக்கு டிரக்கோமா.

கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது. கை, துண்டு, பூளையில் வந்து உட்காரும் ஈ ஆகியவற்றால் குழந்தைகளுக்குள் பரவும். திரும்பத் திரும்பத் தொற்றினால் இமையின் உட்புறம் தழும்பேறும். தழும்பு சுருங்கச் சுருங்க இமை விளிம்பு உள்ளே மடங்கும். அதற்குள் பல வருஷம் ஓடிவிடும்.

இந்தக் கிருமி செல்லுக்குள் புகுந்து, ஒரு பையைக் கட்டிக்கொண்டு அதற்குள் பெருகும். டெட்ராசைக்ளின் களிம்புக்கு அது அடங்கும்தான். ஆனால் தினம் இரண்டு வேளை, ஆறு வாரம் போட வேண்டும். கையைத் தட்டிவிட்டு ஓடும் குழந்தையை எந்தத் தாய் அத்தனை நாள் பிடித்து உட்காரவைப்பாள்?

அஜித்ரோமைசினின் சிறப்பு இங்கேதான். லேசான காரத்தன்மை கொண்ட மருந்து இது. செல்லுக்குள் நுழைந்ததும் அங்குள்ள அமிலப் பைகளில் மின்னூட்டம் பெற்று, வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்கிறது. அதனால் ரத்தத்தைவிடத் திசுக்களில் பல மடங்கு சேர்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகவே ஏறக்குறைய 68 மணி நேரம் ஆகும். கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு புரத உற்பத்தியை முடக்குகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை. காம்பியாவில் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், இந்த ஒரு வேளை மருந்து ஆறு வாரக் களிம்புச் சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது.

மருந்தால் மட்டும் நோய் ஒழிந்துவிடவில்லை. முகம் கழுவத் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத ஊரில் கிருமி திரும்பி வரும். இந்தியாவில் 1963இல் தொடங்கிய போராட்டம் இது. டெல்லி எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையம் 2014 முதல் 2017 வரை நடத்திய கணக்கெடுப்பில், குழந்தைகளிடம் தொற்று 0.7 சதவீதமே இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையை இந்தியா கடந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது.

பாட்டியின் பழைய தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. இமை விளிம்பை வெளிப்பக்கம் திருப்பித் தைக்கும் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. அம்மா சொல்லிச் சொல்லி, பாட்டி ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார். திங்கள்கிழமை நான்தான் கூட்டிப்போகிறேன்.