நன்றிக் கடிதத்தில் கேள்வி இருக்காது

ஜப்பானில் ஒரு வகுப்புக்கு முதற்கடிதம் எழுதச் சொன்னபோது, என் தரம் 4 பிள்ளைகளில் பாதிப்பேர் "உங்கள் உதவிக்கு மிக்க நன்றி" என்றுதான் தொடங்கினார்கள். என்ன உதவி? யாரும் எதுவும் தரவில்லை. அங்கேயும் நாலாம் வகுப்பு. நண்பர்களாவோமா என்று கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிழை பிள்ளைகளில் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பின் கரையோரப் பாடசாலைகளுக்குப் பையும் கொப்பியும் சப்பாத்தும் வந்தன. பொருள் வந்த கையோடு ஒரு நன்றிக் கடிதமும் கேட்பார்கள். நானே கரும்பலகையில் எழுதிப்போட்டு வகுப்பு முழுவதையும் பார்த்தெழுத வைத்திருக்கிறேன். அன்று எழுதியவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்குக் கடிதம் என்றால் அது நன்றிக் கடிதம்தான் என்பது வீட்டிலேயே படிந்துபோன பழக்கம்.

ஜப்பானுக்கு எழுதிய அந்தக் கடிதங்களைத் திருப்பி வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒன்றிலும் கேள்வி இல்லை. நன்றி சொன்னால் கதை முடிந்தது. மறுபக்கத்துப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதும்?

சரி என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஒரே ஒரு விதி போட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் உனக்கு உண்மையிலேயே பதில் தெரியாத ஒரு கேள்வி இருக்க வேண்டும். "மறுகா என்ன டீச்சர் எழுதுற?" என்று முழித்தார்கள். இரண்டு நாள் போயிற்று. அப்புறம் வந்தன கேள்விகள். 'உங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டுவது யார்?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அன்று காலை விளக்குமாறு பிடிக்கும் முறை அவளுடையது. நாங்களேதான், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து துப்புரவு செய்வோம் என்று பதில் வந்தது. வகுப்பில் ஒருவனுக்குப் பெரிய ஏமாற்றம். ரோபோ கூட்டும் என்று நினைத்திருந்தானாம்.

இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள், இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளவும் வேண்டுமானால், முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். லண்டனில் பாடசாலை தொடங்கும் நேரம் எங்களுக்கு மணி அடித்து வீட்டுக்குப் போகும் நேரம். ஜப்பான் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னே. இங்கே காலை 8.30 என்றால் அங்கே நண்பகல் 12. இரண்டு வகுப்பும் விழித்திருக்கும். ஆனால் அவர்களின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. தை மாதம் தொடங்கினால் பழகிவரும்போது அவர்கள் வகுப்பேறிவிடுவார்கள். மே மாதம் தொடங்குவது நல்லது.

ஆங்கிலம் தெரியாதே என்ற கவலை வேண்டாம். அங்கேயும் 3ஆம், 4ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் பேச்சுப் பயிற்சி அளவில்தான். இரண்டு பக்கமும் தட்டுத் தடுமாறுவது ஒருவகையில் வசதி. யாரும் யாருக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை. தமிழில் ஒரு வரி, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு படம். அது போதும்.

பெற்றோருக்கு ஒரு சொல். ஒரு பிள்ளை கடிதத்தின் அடியில் அம்மாவின் வாட்ஸ்அப் இலக்கத்தை எழுதி, சுற்றிப் பூவும் வரைந்திருந்தது. கடைசி நேரத்தில்தான் என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து உறையை ஒட்டுமுன் எல்லாவற்றையும் இரண்டு முறை வாசிக்கிறேன். முதற்பெயர் மட்டும்தான். முகவரி, தொலைபேசி, பாடசாலைச் சின்னம் தெரியும் சீருடைப் படம் ஒன்றும் போகாது. கடிதம் தவிர்ந்த தொடர்பெல்லாம் அதிபருக்குத் தெரிந்து, ஆசிரியரின் மின்னஞ்சல் வழியாகத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன அந்தரங்கம் என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, பிள்ளைக்கும் அது உண்டு என்றுதான் சொல்கிறது.

எனக்குச் சங்கடமாய் இருந்தது வேறொன்று. நாங்கள் அனுப்பிய வகுப்பறைப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆசிரியர், பிள்ளைகள் பென்சிலும் வர்ணப்பெட்டியும் சேர்த்து அனுப்ப விரும்புகிறார்கள், அனுப்பலாமா என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான். வேண்டாம் என்றேன். "தேடிவருவதை ஏன் தட்டுகிறீர்கள்?" என்று சக ஆசிரியர் ஒருவர் கோபித்தார். எங்கள் பாடசாலைக்குத் தேவைகள் உண்டு, பொய்யில்லை. அதைப் பெரியவர்கள் பெரியவர்களிடம் கேட்கலாம். இந்தப் பெட்டி வந்து இறங்கியிருந்தால் மறுநாளே எல்லாக் கொப்பியிலும் "மிக்க நன்றி" திரும்பி வந்திருக்கும். பதிலாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொருள் அனுப்புவோம் என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் கடற்கரை மணலும் மஞ்சாடி விதையும் அனுப்ப நின்றார்கள். ஜப்பானுக்குள் மண் கொண்டுபோகத் தடை, விதைக்கும் சான்றிதழ் வேண்டும். கடைசியில் போனதும் வந்ததும் காகிதத்தில் வரைந்த படங்கள்தான்.

திட்டமிடாமல் நடந்தவையும் உண்டு. தன் அம்மம்மாவைக் கடல் கொண்டுபோனதை ஒருத்தி எழுதியிருந்தாள். ஆங்கிலச் சொல் தெரியாமல் 'சுனாமி' என்றே போட்டிருந்தாள். அது அவர்களின் சொல், துறைமுக அலை என்று பொருள். சுனாமி ஜப்பானைத் தாக்கிய 2011 மார்ச் 11ஐ அங்கே யாரும் மறக்கவில்லை. அந்தக் கடிதத்தை வாசித்தபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை என்று ஆசிரியர் எழுதினார்.

போன மாதம் ஒரு கேள்வி வந்தது. 'உங்கள் வாவியில் மீன் பாடும் என்று எழுதியிருந்தீர்கள். என்ன பாட்டு?' வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்த நானும் கேட்டதில்லை. வாவியில் வலை வீசும் அம்மப்பாவிடம் ஒருவன் போய்க் கேட்டிருக்கிறான். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைக்க வேண்டுமாம். அவன் எழுதிய பதில் இந்த வாரம் தபாலில் போகிறது:

'அம்மப்பா கேட்டிருக்கிறார். நான் இன்னும் கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு என்னைக் கூட்டிப்போவார். உங்கள் ஊர் மீன் இரவில் என்ன செய்யும்?'