வட்டம் விழாத தட்டு

காலையில் லேபுக்குள் நுழைந்ததும் முந்தைய நாள் வைத்துவிட்டுப் போன கல்ச்சர் தட்டுகளைத்தான் முதலில் எடுப்பேன். தட்டில் கிருமியைப் பூசி, மேலே ஆன்டிபயாட்டிக் தோய்த்த காகிதப் பொட்டுகளை வைத்து, ராத்திரி முழுக்க 35 டிகிரி சூட்டில் விட்டிருப்போம். மருந்து கேட்கும் கிருமி என்றால் பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை அளப்பதுதான் என் பிழைப்பு.

ஐ.சி.யூ.விலிருந்து வரும் சில தட்டுகளில் அளக்க ஒன்றுமே இருக்காது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் வைத்த பொட்டின் விளிம்பு வரை கிருமி கொழகொழவென்று மூடியிருக்கும். அப்புறம் டாக்டர்கள் பெரும்பாலும் கோலிஸ்டினுக்குத்தான் போவார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய பழைய மருந்து அது. (அதற்கு இந்தப் பொட்டுச் சோதனை சரிவராது, தனியாகச் செய்ய வேண்டும்.)

பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பையனுக்கு வென்டிலேட்டரில் ஒன்பதாம் நாள் காய்ச்சல். சளியில் அசினெடோபாக்டர் என்ற கிருமி வளர்ந்தது. “வரும்போது இல்லாத கிருமி எங்கிருந்து வந்தது?” என்று அவன் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கட்டிலைச் சுற்றித் துடைத்தெடுத்துக் கல்ச்சர் போட்டோம். மானிட்டர் பொத்தானில் அதே கிருமி, அதே மருந்துகளுக்கு அடங்காமல். காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது அது. பொத்தானை அழுத்திய விரல் அடுத்து மூச்சு டியூபைத் தொட்டால் போதும். கையுறை போட்டிருந்தாலும் கதை அதேதான். ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் கிருமியும் கூடவே போகும். ராத்திரி டியூட்டியில் ஒரே நர்ஸ் நாலைந்து பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில், அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

மெரோபெனம் போன்ற மருந்துகளுக்குக் கிருமியை அடங்காமல் செய்யும் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணுவுக்கு நியூ டெல்லியின் பெயரை வைத்ததற்காக 2010-ல் நாம் பெரிதாகக் கோபப்பட்டோம். அந்த மரபணு ஒரு வகைக் கிருமியிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவும் என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

உறவினர்கள் தினமும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: “யூரின் டியூபை இன்றைக்கு எடுத்துவிடலாமா?” டியூப் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கிருமிக்கு ஒரு நாள் கூடுதல் வழி. டாக்டரிடமே கை சுத்தமா என்று கேட்கலாமா? தாராளமாக. ஒருமுறை மாதிரி எடுக்க அவசரமாகப் போன என்னையே ஒரு பாட்டி நிறுத்தினார்: “ஏம்மா, அந்த பாட்டில் மருந்தக் கையில தடவிக்கிட்டியா?”

தடவியிருக்கவில்லை.